குருவிக்குத் தண்ணீர் வைக்க எந்தச் சட்டி? திருகோணமலை வளவுகளுக்கு ஓர் ஒப்பீடு

குருவிகளுக்குத் தண்ணீர் வைக்கப் பாத்திரம் தேடுபவர்கள் பெரும்பாலும் பார்வைக்கு எது எடுப்பு என்றுதான் பார்க்கிறார்கள். தூண் வைத்த சீமெந்துத் தொட்டி முற்றத்துக்கு அழகு. மண்சட்டி மலிவு. பழைய பிளாஸ்டிக் பேசினுக்குக் காசே இல்லை. ஆனால் இரண்டு மாதம் போனபின் அதில் தெளிந்த தண்ணீர் நிற்குமா, பச்சைக் கூழ் நிற்குமா என்பது வேறொன்றில் தங்கியிருக்கிறது: தண்ணீரோடு சேர்த்து அதை ஓர் ஆள் சிரமமில்லாமல் தூக்கிக் கவிழ்க்க முடியுமா? முடியாத பாத்திரம் நாளடைவில் கழுவப்படாது. எவ்வளவு ஆர்வமுள்ள வீட்டிலும் இதுதான் நடக்கிறது. ஆகவே இங்கே எல்லாவற்றையும் கழுவுகிற ஆளின் பக்கத்தில் நின்றே ஒப்பிடுகிறோம்.

முதலில் தண்ணீர். நகரப் பகுதியில் குழாயில் வருவது கந்தளாய்க் குளத்துத் தண்ணீர், சுத்திகரித்துக் குளோரின் சேர்த்தது. அந்த அளவு குளோரின் பறவைகளை ஒன்றும் செய்யாது. வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்திருந்து ஊற்ற வேண்டியதில்லை. உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கத்து மணல்நிலக் கிணறுகளில் நிலைமை வேறு. கோடையில் நீர்மட்டம் இறங்கியதும் கடலோரக் கிணற்றுத் தண்ணீர் சவர் காட்டத் தொடங்கும். அதிலும் பெரிய பிழை, பழைய தண்ணீரைக் கொட்டாமல் குறைந்த அளவுக்கு மேலே ஊற்றிக்கொண்டே வருவது. ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே நிற்கும். தினமும் கால்வாசி வற்ற, அந்தக் கால்வாசியைக் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பினால், எட்டு நாளில் சட்டியில் உள்ள உப்பு மூன்று மடங்காகிவிடும். சிறு குருவிகளின் சிறுநீரகம் அதைத் தாங்காது. நாக்கில் கரிக்கிற தண்ணீரை வைக்கவே வேண்டாம். வீட்டில் குடிப்பதையே அவற்றுக்கும் வையுங்கள். எந்தச் சட்டியானாலும் பழையதை முழுக்கக் கொட்டிவிட்டுத்தான் புதிது ஊற்ற வேண்டும்.

அடுத்தது நுளம்பு. டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு முட்டையிடுவது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரச் சுவரில். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை சுவரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்த முட்டை பல மாதம் உயிரோடு கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். இங்கத்தைய வெப்பத்தில் முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பு வரை ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே 'நான் தண்ணீர் மாற்றுகிறேன்' என்பது பாதி வேலைதான். சுவரை உரஞ்சினால்தான் மற்றப் பாதி முடியும். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் வளவில் நுளம்பு பெருக இடம் வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்கும்போது, சட்டியில் குடம்பி நெளிந்தால் அது குருவிக்கு வைத்த தண்ணீர் என்ற விளக்கம் எடுபடாது.

அளவைப் பற்றிச் சுருக்கமாக: வாய் அகலம் 12 முதல் 16 அங்குலம், ஓரத்தில் ஆழம் அரை முதல் ஓர் அங்குலம், நடுவில் இரண்டு அங்குலம், அதற்கு மேல் வேண்டாம். ஓரத்திலிருந்து நடு நோக்கி மெல்லச் சரிய வேண்டும். கறிச்சட்டி போலக் குத்தென இறங்கும் பாத்திரத்தில் கொண்டைக்குருவி விளிம்பில் நின்று குடிக்கும், குளிக்க இறங்காது. 12 அங்குலச் சட்டியில் இரண்டு முதல் இரண்டரை லீற்றரும், 16 அங்குலத்தில் மூன்றரை முதல் நாலரை லீற்றரும் அளவாகப் பிடிக்கும்.

மண்சட்டி

எங்கள் தெரிவு இதுதான். ஆனால் ஒன்றல்ல, ஒரே அளவில் இரண்டு. ஒன்று தண்ணீரோடு வெளியில், மற்றது கவிழ்த்து வெயிலில். இதில் ஒரு பெரிய இலாபம் இருக்கிறது. புறாக்களுக்குத் தொண்டைப்புண் உண்டாக்கும் ட்ரைக்கோமோனாஸ் என்ற நுண்ணுயிர் அவை குடிக்கும் தண்ணீர் வழியாக மற்றவற்றுக்குப் போகிறது. அது ஈரத்தில் வாழும், காய்ந்தால் சாகும். திருகோணமலை வெயிலில் ஒரு பகல் காய்ந்த சட்டிக்குப் பெரும்பாலும் வேறு மருந்து தேவையில்லை. ஒரே சட்டியை வைத்திருப்பவருக்கு இந்த வசதி கிடையாது. கழுவிய கையோடு ஈரமாகவே திரும்பவும் நிரப்பிவிடுவார்.

பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் அகன்ற மண்தட்டு சரியாகப் பொருந்தும். வாங்கும்போது உள்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். சற்றுச் சொரசொரப்பாக இருக்க வேண்டும், வர்ணமோ பளபளப்புப் பூச்சோ இருக்கக்கூடாது. விரலால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் சூளையில் சரியாக வேகவில்லை அல்லது கீறல் உண்டு. வாங்கிய அன்று ஓர் இரவு தண்ணீரில் முழுக்க அமிழ்த்தி வையுங்கள்.

மண்ணின் நல்ல குணமும் கெட்ட குணமும் ஒன்றிலிருந்தே வருகின்றன: அது தண்ணீரை உறிஞ்சும். கசிந்து ஆவியாவதால் பகலிலும் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும். அதே நுண்துளைகளுக்குள் பாசி வேர்விடும், சோப் ஊறும், குளோரின் ஊறும். கிணற்றுத் தண்ணீர் பாவிக்கும் வீடுகளில் சட்டியின் வெளிப்புறம் வெள்ளையாக உப்புப் பூக்கும். அதைத் துடைக்காமல் விட்டால் உப்பு துளைக்குள் கட்டியாகி, சட்டியின் தோல் செதில் செதிலாக உரியும். உரிந்த சட்டியைக் கழுவிப் பயனில்லை; மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை.

சீமெந்துத் தொட்டி

இதற்கு ஆதரவாகச் சொல்ல இரண்டு விஷயம் உண்டு: காற்றில் புரளாது, மாடும் மானும் முட்டினாலும் நிற்கும். திருகோணமலை நகரத்தில் இரண்டாவது விஷயம் விளையாட்டல்ல. கோட்டைப் பக்கத்திலிருந்து தெருவுக்கு வரும் புள்ளிமான்கள், கேற் திறந்திருந்தால் வளவுக்குள்ளும் வந்து, கண்ணில் படும் தண்ணீரைக் குடிக்கும். மண்சட்டி அவற்றின் மூக்குத் தள்ளலுக்கே உடையும்.

ஆனால் தூக்கிக் கவிழ்க்க முடியாது. சிரட்டையால் அள்ளி, துணியால் ஒற்றி எடுத்து, பிறகு உரஞ்ச வேண்டும். முதல் மாதம் செய்வார்கள். இந்தக் குறைக்கு ஒரே தீர்வு வடிகால். தொட்டி வார்க்கும்போதே நடுப்பள்ளத்தில் முக்கால் அங்குலப் பீவிசி குழாய்த் துண்டு ஒன்றைப் பதித்து, அடைப்பு வைத்துவிட வேண்டும். இங்கேதான் மேசன்மார் பிழை விடுவது: குழாயின் வாய் தொட்டித் தளத்தைவிடக் கால் அங்குலம் மேலே நீண்டு நிற்கும். திறந்தால் மேல் தண்ணீர் மட்டும் போகும். எச்சமும் குடம்பியும் உள்ள அடித்தண்ணீர் அப்படியே தேங்கும். வாய் தளத்தோடு மட்டமாக அல்லது நூலளவு தாழ்வாக இருக்கிறதா என்று, சீமெந்து இறுகுவதற்குள் ஒரு குவளை தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். முழுத் தண்ணீரும் போக வேண்டும்.

புதுத் தொட்டியில் உடனே தண்ணீர் வைக்கக்கூடாது. புதுச் சீமெந்தின் சுண்ணாம்பு தண்ணீரில் இறங்கிக் கடும் காரமாக்கும். நிரப்பி, இரண்டு மூன்று நாள் விட்டுக் கொட்டி, மறுபடி நிரப்பி என்று மூன்று நான்கு வாரம் பழக்குங்கள். வழவழப்பு வேண்டும் என்று உள்ளே டைல்ஸ் ஒட்டுவோர் உண்டு. கழுவச் சுகம், குருவிக்கு வழுக்கல்; இடுக்குகளில் பாசி கறுப்புக் கோடாகப் படியும். பெயின்ற் அடிக்கவே வேண்டாம். அது பொருக்கு விட்டுக் கழன்று தண்ணீருக்குள் விழும்.

பிளாஸ்டிக், உலோகம்

பிளாஸ்டிக் பேசின் கழுவ எளிது, ஆனால் வழுக்கும், கச்சான் காற்றில் பறக்கும், வெயிலில் ஒரு வருடத்துக்குள் நொறுங்கத் தொடங்கும். உள்ளே ஒரு தட்டைக் கல்லை வைத்தால் குருவிக்கு நிற்க இடமும் பாத்திரத்துக்குப் பாரமும் கிடைக்கும். கல்லையும் எடுத்துக் கழுவ வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. கம்பிச் சுரண்டியால் தேய்த்தால் கீறல் விழும். அடுத்த கிழமை அந்தக் கீறலுக்குள் இருந்தே வழுவழுப்பு கிளம்பும். சில்வர், அலுமினியம், பித்தளை எதுவும் வெயிலில் வேண்டாம், தண்ணீர் சூடேறிவிடும். முழு நிழல் இருந்தால் சில்வர்த் தட்டு பரவாயில்லை.

எதைப் போட்டுக் கழுவுவது

நாளாந்தக் கழுவலுக்கு எந்தத் திரவமும் தேவையில்லை. காலையில் கொட்டி, ஒரு பிடி தென்னந்தும்பால் சுவரையும் அடியையும் விளிம்பையும் சுற்றி உரஞ்சி, ஒரு குவளை தண்ணீரால் அலசி நிரப்பினால் இரண்டு நிமிட வேலை. தும்பு மண்ணுக்கும் சீமெந்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் பொருந்தும், கீறாது, நைந்தால் எறிந்துவிடலாம். கழுவிய தண்ணீரைக் காணுக்குள் ஊற்றாமல் வெறும் மணலில் ஊற்றுங்கள். குடம்பி இருந்தாலும் மணலில் காய்ந்து செத்துவிடும்.

பாத்திரம் கழுவும் சோப்பும் உடுப்புத் தூளும் வேண்டாம். இறகில் குருவி பூசி வைத்திருக்கும் எண்ணெய்தான் அதற்கு மழைச்சட்டை. மிஞ்சி நிற்கும் சவர்க்காரம் அதைக் கழற்றும். மண்சட்டியில் ஊறிய சோப் எத்தனை அலசலுக்கும் முழுதாகப் போகாது.

வெள்ளைக் கறைக்கு வினாகிரி. சமையல் வினாகிரியும் தண்ணீரும் சமபங்கு கலந்து, கறை உள்ள இடத்தில் துணியை நனைத்துப் போட்டு அரை மணி நேரம் விட்டுத் தேயுங்கள். தேசிக்காய்ப் பாதியை நேரே தேய்த்தாலும் வேலை நடக்கும். மண்சட்டிக்கும் பிளாஸ்டிக்குக்கும் இது நல்லது. சீமெந்துக்கு அல்ல: கறையும் சுண்ணாம்பு, தொட்டியும் சுண்ணாம்பு, அமிலம் இரண்டையும் சேர்த்துத் தின்னும். அடிக்கடி வினாகிரி கண்ட சீமெந்து மணல் மணலாகச் சொரசொரத்து, முன்னைவிட வேகமாகப் பாசி பிடிக்கும்.

பிளீச் சீமெந்துக்கும் பிளாஸ்டிக்குக்கும்தான், அதுவும் மாதம் ஒரு முறை அல்லது நோய்ப் பறவையைக் கண்டால். வீட்டுப் பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. தொட்டியை நிரப்ப வேண்டாம். 50 மில்லிலீற்றர் பிளீச்சோடு 450 மில்லிலீற்றர் தண்ணீர் போதும். சரிந்த சுவரில் திரவம் நிற்காது என்பதால், பழைய பருத்தித் துணியை அதில் நனைத்துத் தொட்டி முழுவதும் படிய விரித்து, 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். பலர் உரஞ்சாமலே எச்சத்தின் மேல் பிளீச்சை ஊற்றுகிறார்கள். எச்சமும் பாசியும் குளோரினைத் தின்றுவிடும், கிருமிக்கு மிச்சமிருக்காது. முதலில் உரஞ்சல், பிறகு பிளீச், பிறகு மூன்று தரம் அலசல், பிறகு மணம் அடியோடு போகும்வரை வெயில். வெக்கையில் மாதக்கணக்காகக் கிடந்த போத்தல் வீரியம் குறைந்திருக்கும், ஆகவே சிறிய போத்தலாக வாங்குங்கள். வினாகிரி பாவித்த அன்று பிளீச் வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சை அடைக்கும். மண்சட்டிக்குப் பிளீச்சுக்குப் பதில், வெயிலில் சூடான காய்ந்த சட்டியில் கொதிதண்ணீர் ஊற்றி ஆறவிட்டு, மறுபடி காயப்போடுவதே சரி.

சுருக்கு வழிகள்

கழுவும் வேலையைக் குறைக்கச் சொல்லப்படும் வழிகள் பல; அவற்றில் ஒன்றுதான், அதுவும் வேறொரு பயனுக்காக, தேறும். துருசு, செப்புக் கம்பி: பாசிக்கு நஞ்சு, அளவு தவறினால் குருவிக்கும் நஞ்சு. கப்பி மீன்: பெரிய தண்ணீர்த் தொட்டிக்கும் கிணற்றுக்கும் நல்லது, சட்டியின் இரண்டு அங்குலத் தண்ணீர் மத்தியானம் கொதிக்கும்போது செத்து மிதக்கும், மிஞ்சினதை மீன்கொத்தி கொண்டுபோகும். சோலார் பம்ப்: ஆடும் தண்ணீரில் நுளம்பு முட்டையிட விரும்பாது என்பது உண்மை, ஆனால் சூரியன் போனதும் பம்பும் நிற்கும், இரவில் முட்டையிடும் கியூலெக்ஸ் நுளம்புக்கு அது போதும். கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு விசிறியில் இறுகும்போது கழற்றி வினாகிரியில் ஊறவைக்கும் வேலை மேலதிகமாகச் சேரும்.

தேறுவது சொட்டுப் போத்தல். ஒன்றரை லீற்றர்ப் போத்தலைச் சட்டிக்கு மேலே கிளையில் கட்டி, சேலைன் குழாயின் திருகைச் செக்கனுக்கு ஒரு சொட்டு என்று வைத்தால் மணிக்குச் சுமார் 180 மில்லிலீற்றர், ஏறக்குறைய எட்டு மணி நேரம் ஓடும். சொட்டுச் சத்தத்துக்கும் நீரின் அசைவுக்கும் சட்டியைக் கண்டிராத குருவிகளும் வரும். கழுவும் வேலை இதனால் ஒரு துளியும் குறையாது; அதைத் தெரிந்துகொண்டு வைத்தால் நல்லது.

இடமும் காலமும்

பாதி அழுக்கு இடத்தால் வருவது. காகம் அடையும் வேம்புக்கு நேர்கீழே வைத்தால் விடியும்போதே எச்சம். மாமரத்தின் அடர்ந்த கொப்புக்குக் கீழே வைத்தால் சருகும் பூவும் ஊறித் தண்ணீர் தேத்தண்ணீர் நிறமாகும். காலை வெயில் கொஞ்சம் பட்டு, பத்து மணிக்குப் பிறகு நிழல் வரும் இடம் பாருங்கள். பாசிக்கு வெயில் வேண்டும், குருவிக்கு ஆறின தண்ணீர் வேண்டும். செவ்வரத்தைப் பற்றையிலிருந்து ஆறு முதல் பத்து அடி தள்ளி வைத்தால், நனைந்த குருவி பறந்து ஒதுங்கவும் முடியும், பற்றைக்குள் பதுங்கும் பூனை ஒரே பாய்ச்சலில் எட்டவும் முடியாது.

நிலத்தில் வைத்தால் புலுனிக் கூட்டமும் மைனாவும் செண்பகமும் வரும். மூன்று அடி உயரத்தில் வைத்தால் கொண்டைக்குருவிக்குப் பயம் குறைவு. தேன்சிட்டுக்கு இரண்டும் பொருட்டல்ல. அது நனைந்த இலையில் உடம்பைத் தேய்த்துக் குளிக்கும், அதற்குச் செடிகளுக்குத் தண்ணீர் தெளித்தாலே போதும். காகத்தின் பழக்கம் வேறு. காய்ந்த பாணையும் எலும்பையும் கொண்டுவந்து ஊறப்போடும். மீன் வெட்டுகிற வீடுகளுக்கு அருகே என்றால் தலையும் குடலும் சேர்ந்து வரும். தண்ணீரில் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படை தெரிந்தால் அப்போதே மாற்றுங்கள், மாலை வரை விட வேண்டாம். அந்த எண்ணெய் பட்டால் இறகுகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஈரத்தையும் குளிரையும் தடுக்காமல் போகும்.

கச்சான் வீசும் வைகாசி முதல் ஆவணி வரை காலையும் பிற்பகலும் என இருமுறை மாற்றுங்கள். புழுதி விழும், வற்றும், சூடேறும். மூன்று லீற்றர்ச் சட்டிக்கு நாளுக்கு ஆறு லீற்றர்தான் செலவு. கார்த்திகை, மார்கழி அடைமழையில் சட்டியைக் கவிழ்த்து வைப்பதே புத்தி: எங்கும் தண்ணீர் நிற்கும், குருவிக்குத் தேவையில்லை, நுளம்புக்கு மட்டும்தான் தேவை. மழை விட்டதும் தையிலேயே மீண்டும் வைத்துவிடுங்கள். வலசை வந்த ஆறுமணிக்குருவி அப்போதும் வளவுகளில் சருகு கிளறிக்கொண்டிருக்கும். நிலத்தில் வைத்த சட்டிக்குப் பொழுதுபடும் நேரம் வரக்கூடும்.

உப்பிய இறகோடு பறக்காமல் குந்தியிருக்கும் பறவையையோ, சட்டியருகே செத்த பறவையையோ கண்டால் இரண்டு கிழமை தண்ணீர் வைப்பதை நிறுத்துங்கள். கையுறை போட்டுச் சட்டியைக் கழுவிக் காயவிட்டு, அதன்பின் தொடங்கலாம். வெளியூர் போகும்போதும் அப்படித்தான்: நிரப்பிவிட்டுப் போகாமல் கவிழ்த்துவிட்டுப் போங்கள்.

குனிய முடியாத வயதானவர் உள்ள வீட்டுக்கு, இடுப்பு உயர இரும்பு வளையத் தாங்கியில் கழற்றி எடுக்கக்கூடிய 12 அங்குல மண்தட்டு. மான், மாடு, குரங்குத் தொல்லை உள்ள வளவுக்கு வடிகால் வைத்த சீமெந்து. மற்ற எல்லோருக்கும் மண்தட்டு இரண்டு. ஏற்கெனவே வடிகால் இல்லாத தூண் தொட்டி வாங்கி வைத்திருப்பவர் அதை உடைக்க வேண்டியதில்லை. தொட்டியின் நடுவில் அரை அங்குல ஓட்டை ஒன்று துளைப்பித்து, சல்லிக்கல் நிரப்பி மட்டமாக்கி, மேலே மண்தட்டை வையுங்கள். ஓட்டை போடாமல் சல்லி நிரப்பினால் மழைத்தண்ணீர் கல்லிடுக்கில் நின்று, கண்ணுக்குத் தெரியாமல் குடம்பி வளரும்.